குறியிடம் முதல் வரைவு வரை

சிங்கப்பூர் இளையர் சிலரிடையே இன்று ஒரு வழக்கம் காலூன்றி வருகிறது. ஒருவன் தான் மணக்க விரும்பும் பெண்ணிடம் தன் கருத்தை நேரே உரைப்பதில்லை. முதலில் அவள் கைக்கு ஒரு சீட்டு வருகிறது. அதில் ஒரு புதிர் இருக்கும். புதிரை விடுவித்தால் ஓரிடம் புலப்படும். அவ்விடம் சென்றால் மற்றொரு சீட்டு. இவ்வாறு இருவரும் முதன்முதலில் பேசிய இடம், ஒன்றாக உண்ட இடம், ஊடிப் பிரிந்த இடம் என நகரின் பல மூலைகளுக்கும் அவளை நடத்திச் சென்று, இறுதியிடத்தில் மோதிரத்தோடு அவன் காத்திருப்பான். செம்பவாங்கில் வாழும் ஒருவன் இதனை அமைத்தால், முட்டை வேகும் நீர் எது என்னும் வினா 2020ஆம் ஆண்டில் புதுப்பித்துத் திறக்கப்பட்ட வெந்நீர் ஊற்றுப் பூங்காவுக்கு அவளை அழைத்துச் செல்லும். மல்லிகை மணக்கும் தெரு என்னும் குறிப்பு தேக்காவின் பூக்கடைகளுக்கு அனுப்பும். கடைசிச் சீட்டு கடலோரப் படகுத்துறையில் கொண்டுபோய் நிறுத்தும்.

‘இது மேனாட்டார் விளையாட்டு, நமக்கும் இதற்கும் என்ன உறவு?’ எனப் பெரியோர் சிலர் முகம் சுளிப்பர். விளையாட்டின் வடிவம் மேனாட்டதே என்பதில் ஐயமில்லை. எல்சா மேக்ஸ்வெல் என்னும் அமெரிக்க மாது 1920களின் இறுதியில் பாரிஸிலும், 1930களில் நியூயார்க்கிலும் தாம் நடத்திய விருந்துகளில் செல்வர்களை அரும்பொருள் தேடி நகரெங்கும் ஓட வைத்தார். அதிலிருந்தே இவ்விளையாட்டு பரவியது. ஆயினும், தேடல் ஒன்று முன்னே நிகழ, அதன் முடிவில் மணக்கோரிக்கை எழுதல் வேண்டும் என்னும் எண்ணம் நமக்குப் புதிதன்று. அதற்கு இலக்கணமே வகுத்து வைத்த மொழி நம் மொழி. அந்த இலக்கணத்தையும் செம்பவாங் தமிழரின் மண வரலாற்றையும் ஒருங்கே வைத்துப் பார்ப்பது ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் பயன் தரும் என்பது என் கருத்து.

அகப்பொருளில் தலைவனும் தலைவியும் மறைவாகச் சந்திக்கும் இடம் குறியிடம் எனப்படும். அது பகற்குறி, இரவுக்குறி என இருவகைப்படும் என்பதை நாம் வகுப்பில் கூறுகிறோம். மாணவரும் எழுதி மனப்பாடம் செய்கின்றனர். ஆனால் தொல்காப்பியர் அவ்விடங்களுக்கு விதித்த வரையறையை நின்று நோக்குவோர் சிலரே. இரவுக்குறி இல்லத்தின் எல்லைக்குள், மனையிலுள்ளோர் பேசும் குரல் காதில் விழும் அண்மையில் இருத்தல் வேண்டும். பகற்குறி புறத்தே அமையலாம். எனினும் அது தலைவி அறிந்து சென்றுவரக்கூடிய இடமாதல் வேண்டும். இடத்தைத் தேர்வதில் தலைவனின் விருப்பத்திற்கு முதலிடம் இல்லை. பெண்ணுக்குப் பழகிய இடம், கூவினால் கேட்கும் தொலைவு என்னும் இரண்டையுமே இலக்கணம் முன்வைக்கிறது. ஈராயிரம் ஆண்டுகட்கு முற்பட்ட மரபு இவ்வளவு கருத்தோடு பேசுவதை இளைஞரிடம் எடுத்துச் சொன்னால் வியப்படைகின்றனர்.

அடையாளக் குறிப்பைப் பின்பற்றிச் செல்வதும் அதில் ஏமாறுவதும் கூட அங்கே உண்டு. இரவில் வரும் தலைவன் பறவைகளை எழுப்பி ஒலிக்கச் செய்தல் போன்றதொரு குறியால் தன் வரவை உணர்த்துவான். ஒரு நாள் அவன் வருமுன்னரே காற்றில் ஒரு பழம் நீரில் விழுகிறது, அல்லது புள் தானே எழுந்து ஆர்க்கிறது. தலைவி அதனை அவன் குறியெனக் கருதி வெளியே வந்து, எவரையும் காணாது திரும்புகிறாள். பின்னர் அவன் மெய்யாகவே வந்து குறி செய்யும்போது, மீண்டும் இயற்கையின் ஒலியே என எண்ணி அவள் வாராதிருந்து விடுகிறாள். இதனை அல்லகுறிப்படுதல் என்பர். பிழையான சீட்டை எடுத்துக்கொண்டு தவறான நிலையத்தில் இறங்கி நிற்கும் இக்காலப் பெண்ணைப் போன்றவளே அவளும்!

தேடலைச் சாக்காக வைத்துப் பேச்சைத் தொடங்கும் துறைகள் இன்னும் சுவையானவை. திருக்கோவையாரில் மதியுடம்படுத்தல் என்னும் பகுதியில், தலைவியும் தோழியும் இருக்குமிடத்திற்கு வரும் தலைவன், அம்பு தைத்த வேழம் ஒன்று இவ்வழி வந்ததோ என்கிறான். பின்னர்க் கலைமானைப் பற்றி வினவுகிறான், வழியை வினவுகிறான், ஊரை வினவுகிறான், பெயரை வினவுகிறான். தேடுவதாக அவன் சொல்வது ஒன்று, தேடுவது வேறொன்று. இவன் உண்மையில் யானையைத் தேடி வந்தவன் அல்லன் என்பதைத் தோழி உய்த்துணர்கிறாள்.

தோழியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். இத்தேடல் முழுவதையும் நடத்துபவள் அவளே. தலைவன் கொண்டுவரும் தழையாடையாகிய கையுறையை, ‘இத்தழை எம் நிலத்தில் இல்லாதது, இதனை ஏற்றால் எங்கிருந்து வந்தது எனப் பிறர் ஐயுறுவர்’ என்று சொல்லி மறுப்பவள் அவள். அவனை உடனே நெருங்கவிடாது சேய்மையிலேயே நிறுத்துவதற்குச் சேட்படை என்று பெயர். குறியிடத்தைக் காட்டுபவளும் அவள். நாட்கள் நீளின், வரும் வழியின் கொடுமையையும் தலைவி இற்செறிக்கப்பட்டதையும் கூறிக் குறியை மறுப்பவளும் அவள். இவ்வளவும் எதற்கு? வரைவு கடாவுதற்கு, அதாவது, மறைவில் வந்து போவதை விடுத்து ஊரறிய மணம் பேச வா என அவனை நெருக்குதற்கு. களவொழுக்கம் இரண்டு திங்களுக்கு மேல் நீளலாகாது என இறையனார் களவியல் எல்லை கட்டுகிறது. காலவரையின்றி ஒரு பெண்ணைக் காத்திருக்க வைப்பதற்கு அகமரபில் இடமில்லை.

இனிச் செம்பவாங்குக்கு வருவோம். இங்குக் கடற்படைத் தளம் அமைப்பதென 1923ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் அரசு முடிவு செய்தது. ஏறத்தாழ 1,000 அடி நீளமுள்ள ஆறாம் ஜார்ஜ் மன்னர் உலர் கப்பல்துறை 1938ஆம் ஆண்டு பிப்ரவரி 14ஆம் நாள் திறக்கப்பட்டது. அந்த நாளை இன்று காதலர் நாளாகக் கொண்டாடுகின்றனர்; ஆனால் அத்துறையில் உழைத்த தமிழருள் பெரும்பாலோர்க்குக் காதலுக்கும் வழியில்லை, களவுக்கும் வழியில்லை. தமிழரும் மலையாளிகளும் திரளாக இத்தளத்தில் வேலைக்கு வந்தனர். வந்தவர் பெரும்பாலும் ஆடவர். 1931ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்போது சிங்கப்பூர் இந்தியரிடையே ஏறத்தாழ ஐந்து ஆடவர்க்கு ஒரு பெண் என்ற நிலையே இருந்தது. தேடினும் கிடைக்காத சூழலில் குறியிடம் எங்கே, தோழி எங்கே?

அவர்களுடைய தேடல் கடல் கடந்து, பிறர் வாயிலாக நடந்தது. ஊருக்குத் திரும்பும் ஒருவரிடம் சொல்லியனுப்புவர். அல்லது கடிதம் எழுதுவர். எழுதத் தெரியாதவர்க்கு எழுதிக் கொடுப்போர் இருந்தனர். அங்கே பெற்றோர் பெண் பார்ப்பர், சாதகம் பார்ப்பர், சாதி பார்ப்பர். படம்பிடிப்பு நிலையத்தில் இரவல் மேலங்கி அணிந்து எடுத்துக்கொண்ட நிழற்படம் ஒன்று இங்கிருந்து செல்லும். மறுமொழி வர வாரங்கள் ஆகும். விடுப்பும் பணமும் கூடி வரும்போது ஊர் சென்று மணமுடித்து, மனைவியை அங்கேயே விட்டுத் தனியே திரும்பியவர் பலர். பின்னாளில் அம்மனைவியர் நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ ‘ரஜூலா’ போன்ற கப்பல்களில் ஏறிப் பினாங்கு வழியே இங்கு வந்தனர். 1926இல் கட்டப்பட்ட அக்கப்பல் 1973 வரை இத்தடத்தில் ஓடியது. மேல்தளப் பயணியர் பலர் செயின்ட் ஜான்ஸ் தீவில் தொற்றுநோய்த் தடுப்புக் காவலில் வைக்கப்பட்ட பின்னரே நகருக்குள் விடப்பட்டனர். இடையே 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில் கடிதப் போக்குவரத்தும் அற்றுப்போனது.

இக்கடிதங்களில் எல்லாம் ஒன்று மட்டும் இடம்பெறவில்லை. பெண்ணின் விடையைக் கேட்டு ஒரு வரி கிடையாது. மாப்பிள்ளையின் சம்பளம் எழுதப்பட்டது, நகை எழுதப்பட்டது, கப்பல் புறப்படும் நாள் எழுதப்பட்டது. அக்காலத்தாரைக் குறைகூறும் நோக்கம் எனக்கு இல்லை. அம்மணங்களில் பிறந்து வளர்ந்தவரே நம்மில் பலர். எனினும் களவியல் கண்ட தமிழரின் வழித்தோன்றல்கள் கடல் கடந்தபோது தோழியை அக்கரையிலேயே விட்டுவிட்டனர் என்பதை மறைத்தற்கில்லை.

மாற்றம் மெல்ல வந்தது. தந்தை பெரியார் 1929ஆம் ஆண்டு இறுதியில் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் மேற்கொண்ட பயணமும், 1932இல் தோன்றிய தமிழர் சீர்திருத்தச் சங்கமும் சீர்திருத்தத் திருமணங்களுக்கு இங்கு வழி வகுத்தன. அவையோர் கேட்க மணமக்கள் இருவரும் உறுதிமொழி கூறும் அம்முறையில், மணப்பந்தலில் பெண்ணின் குரல் ஒலித்தது. அடுத்துச் சட்டம் வந்தது. 1961ஆம் ஆண்டு நிறைவேறிய மாதர் சாசனம், தனிச் சட்டத்தின்கீழ் வரும் முஸ்லிம்கள் நீங்கலாக ஏனையோர்க்கு ஒருவனுக்கு ஒருத்தி என்பதைக் கட்டாயமாக்கித் திருமணப் பதிவையும் வலியுறுத்தியது. ஊரில் ஒரு மனைவியும் இங்கொரு மனைவியுமாக வாழ்ந்தோர் இருந்த காலத்தில் இது பெண்டிர்க்குப் பெருங்காவல். பொய்யும் வழுவும் தோன்றிய பின்னரே மணத்திற்குக் கரணம் விதிக்கப்பட்டது என்று தொல்காப்பியர் கற்பியலில் கூறும் காரணம் செம்பவாங்கிலும் உண்மையாயிற்று.

கடற்படைத் தளத் தொழிலாளர் 1960களில் கேன்பரா சாலையருகே, மரத்தடி வழிபாடாகத் தொடங்கி எழுப்பிய கோயில் பாலசுப்பிரமணியருக்கு உரியது. 1990களில் அது ஈசூனுக்கு இடம் பெயர்ந்தது. அதன் பெருவிழா இன்றும் பங்குனி உத்திரமே. தெய்வத் திருமணங்களோடு தொடர்புறுத்திப் போற்றப்படும் நாள் அது. குடும்பத்தை அக்கரையில் விட்டு வந்தோர் வாழ்ந்த ஊரில், காதலித்து மணந்த கடவுளின் விழா சிறந்தது என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. வேடனாக உருக்கொண்டு தினைப்புனத்தில் வள்ளியிடம் வரும் முருகன், நாடக மேடையில் தப்பிய மானைத் தேடி வந்தவனாகவே பேச்சைத் தொடங்குகிறான். கோவைத் துறையின் கலைமான் வினாதலேதான் அது! வேடனையும் கிழவனையும் வள்ளி மறுத்து நிற்பதற்கும் அக்கதையில் இடமுண்டு. முடிவில் யானையை வரவழைத்து அச்சுறுத்தி அவளை இணங்கச் செய்யும் பகுதியை இக்கால மாணவியர்க்கு விளக்குவது மட்டும் ஆசிரியர்க்கு எளிதன்று. அவர்கள் எழுப்பும் வினா நேரியது. அதனை அடக்காமல் வகுப்பில் பேசவிட வேண்டும் என்பேன்.

உலர்துறையும் பட்டறைகளும் 1968ஆம் ஆண்டு இறுதியில் செம்பவாங் கப்பல் பட்டறை நிறுவனத்திடம் சேர்ந்தன; பிரிட்டிஷ் படையினர் பெரும்பாலோர் 1971க்குள் வெளியேறினர். அதற்குப் பின் வந்த தலைமுறையில் ஆணும் பெண்ணும் உடன் பயின்றனர், உடன் பணியாற்றினர். கடிதம் போயிற்று. ஆனால் அதனிடத்தில் வந்தமர்ந்தது எது? வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் விண்ணப்பப் படிவம்! ‘வீட்டுக்கு விண்ணப்பிப்போமா?’ என்பதே சிங்கப்பூரரின் மணக்கோரிக்கை என வேடிக்கையாகச் சொல்வதுண்டு. மணமாகாமுன்னரே இணையர் வீட்டுக்குப் பதிந்துகொள்ளும் திட்டம் இருப்பதால் அவ்வேடிக்கையில் உண்மையும் கலந்துள்ளது. இந்நிலையில், ஒருவன் ஒரு திங்கள் முயன்று புதிர் எழுதி, இருவரும் சேர்ந்து நடந்த இடங்களை நினைவிற் கொண்டு ஒரு பெண்ணை அவற்றின் வழியே மீண்டும் நடத்திச் செல்வதை வீண் ஆடம்பரம் என ஒதுக்க என் மனம் ஒப்பவில்லை. அவள் அறிந்த இடங்களே அவன் குறியிடங்கள். அவ்வளவில் அது தொல்காப்பியர்க்கு உடன்பாடானதே.

உடன்பாடு ஆகாதது வேறொன்று. அகமரபில் அலைபவன் தலைவன். விடை வைத்திருப்பவள் தலைவி. இன்றைய விளையாட்டில் அலைபவள் அவள், அவன் காத்திருக்கிறான். அதுவும் பெரிதன்று. படகுத்துறையின் இறுதியில் அவள் வந்து சேரும்போது அங்கே இருபது பேர் கைப்பேசியை உயர்த்திப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருக்கின்றனர். அக்கூட்டத்தில் அவள் தோழியும் நிற்கிறாள். சீட்டுகளை மறைத்து வைத்தவள் அவளே. ஏதுமறியாதவள் போல் உடன் வந்து வழி காட்டியவளும் அவளே. சேட்படுத்த வேண்டியவள், கையுறை மறுக்க வேண்டியவள், ‘உனக்கு இதில் விருப்பந்தானா?’ எனத் தனியே கேட்க வேண்டியவள், தலைவன் பக்கம் சேர்ந்துவிட்டாள். அத்தனை கண்களின் முன்னே, அத்தனை படக்கருவிகளின் முன்னே, இல்லை என்றோ சிறிது பொறு என்றோ சொல்ல எந்தப் பெண்ணால் இயலும்? கடிதக் காலத்தில் விடை கேட்கப்படவில்லை. இங்கு விடை கேட்கப்படுகிறது, ஆனால் ஒரே விடைக்குத்தான் இடம் விடப்படுகிறது.

இதனை உணர்ந்த இளையரும் உளர். கடைசிச் சீட்டில் இடத்தை மட்டும் எழுதி, கூட்டத்தைத் தவிர்த்து, உறவினரையும் நண்பரையும் பின்னர் விருந்துக்கு அழைப்போரைப் பற்றிக் கேள்விப்படும்போது மகிழ்ச்சியாக இருக்கிறது. வெளிப்பட வரைதல், வெளிப்படாமை வரைதல் என வரைவு இருவகைத்து என்னும் பாடத்தை நடத்தும்போது, மேல்வகுப்பு மாணவரிடம் இவ்விரண்டு முறைகளையும் எடுத்துக்காட்டி, தோழி கூற்றாக ஒரு சீட்டு எழுதிவரச் சொல்லலாம். மனப்பாடத்தால் வாராத தெளிவு அதனால் வரும்.

திருமணப் பதிவகத்தில் முன்னறிவிப்புக் கொடுத்த பின் குறைந்தது 21 நாள் கழிந்தே மணம் நடைபெறும். அன்று பதிவதிகாரி இருவரையும் தனித்தனியே, இம்மணத்திற்கு இசைகின்றீரா என வினவுவார். இருவரும் வாய்திறந்து விடை சொல்ல வேண்டும். பின்னர் சாட்சிகள் இருவர் கையொப்பம் இடுவர். அவ்விருவருள் ஒருத்தி மணமகளின் தோழியாக இருப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.