துவாரத்தின் சரித்திரம்

வியன்னாவில் பிறந்து 1936-இல் இங்கிலாந்தில் குடியேறிய பால் ஐஸ்லர் என்னும் பொறியியலாளர், வானொலிப் பெட்டிக்குள் பின்னிக் கிடந்த கம்பிகளுக்குப் பதிலாகச் செம்புத் தகட்டில் மின்பாதைகளை அச்சிட்டுக் காட்டியபோது, அந்த நூதனத்தின் மகத்துவத்தை உணர்ந்தவர் வெகு சிலரே. பின்னர் 1949-இல், அமெரிக்க ராணுவத்தின் சிக்னல் படையைச் சேர்ந்த டாங்கோவும் ஆப்ராம்சனும், மின்னணு உறுப்புகளின் கம்பிக் கால்களை அச்சிட்ட பலகையின் துவாரங்களில் செருகி, அதன் அடிப்புறத்தை உருகிய ஈயத்தில் தோய்த்து, ஒரே முறையில் பற்றவைக்கும் உபாயத்தை வகுத்தனர். அன்று முதல் துவாரமே பலகையின் ஜீவநாடியாயிற்று.

ஆலை யந்திரம் நொடியில் இடும் துவாரங்களை வீட்டு மேஜையில் இட முயன்ற வானொலிப் பித்தர்களுக்கோ அது ஒரு தவமாகவே இருந்தது. ஃபெரிக் குளோரைடு கரைசலில் வேண்டாத செம்பு கரைந்தபின், கால் பற்றவைக்கும் ஒவ்வொரு செம்பு வட்டத்தின் நடுவிலும் செம்பின்றி எஞ்சும் சிறு புள்ளியே துளையிடும் பிட்டின் முனையை வழுவாமல் நிறுத்தும். 0.8 மில்லிமீட்டர் பிட்டோ கை சற்றே சாய்ந்தாலும் முறிந்துவிடும். ஐசி சில்லுகள் வந்தபின் நியமம் இன்னும் கடுமையாயிற்று: காலுக்கும் காலுக்கும் இடையே 2.54 மில்லிமீட்டர்; துவாரம் பிசகினால் சில்லு உட்காராது. பிசின் தோய்ந்த காகிதப் பலகை மெல்லிய மரம்போல் வழிவிடும். கண்ணாடியிழைப் பலகையோ எஃகுப் பிட்டின் கூர்மையை விரைவில் மழுக்கிவிடும். டங்ஸ்டன் கார்பைடு பிட் அதற்கு ஈடுகொடுக்கும், ஆயினும் அசைவு தாளாது.

1980களில் பலகையின் மேற்பரப்பிலேயே பற்றவைக்கும் உறுப்புகள் பரவியதும் இந்தப் பிரயாசை குறையத் தொடங்கிற்று. எனினும், கால் செருகும் உறுப்பு ஒன்றேனும் எஞ்சியிருக்கும் வரை, துளையிடுகையில் மேஜைமீது மெல்லிய தூள் உதிர்வதும் நிற்கப்போவதில்லை.