'பரவாலேது': ஹைதராபாத்தில் மார்பகப் புற்றுநோய்க்கான இலக்கு சிகிச்சையும் சொல்லப்படாத பக்கவிளைவுகளும்

ஹைதராபாத்தின் புற்றுநோய் வெளிநோயாளர் பிரிவுகளில் அடிக்கடி காதில் விழும் சொல் 'பரவாலேது'. நம் 'பரவாயில்லை'க்கு உடன்பிறந்த தெலுங்குச் சொல். மருத்துவர் கோப்பைப் புரட்டிக்கொண்டே "எப்படி இருக்கீங்கம்மா?" என்று கேட்கிறார். ஆதிலாபாத்திலிருந்தோ மகபூப்நகரிலிருந்தோ இரவுப் பேருந்தில் வந்த பெண் "பரவாலேது சார்" என்கிறார். முந்தின நாள் எட்டு தடவை கழிப்பறைக்குப் போனதும், பேருந்தில் சிரமமாகிவிடுமே என்று நேற்று மதியத்திலிருந்து எதுவும் சாப்பிடாததும் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. கோப்பில் 'குறிப்பிடத்தக்க தொந்தரவு இல்லை' என்று பதிவாகிறது.

புற்றணுக்களின் குறிப்பிட்ட புரதங்களைக் குறிவைக்கும் இலக்கு சிகிச்சையின் பக்கவிளைவுகளைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் மருந்தைப் பற்றியே எழுதுகிறார்கள். இக்கட்டுரையின் வாதம் வேறு. இந்த மருந்துகள் தரும் தொல்லைகளில் பெரும்பாலானவற்றை நேரத்தில் தெரிந்துகொண்டால் அடக்கிவிடலாம். தெரிந்துகொள்ளும் வழியைத்தான் நாம் அமைக்கவில்லை. மருந்தின் விலையைக் குறைக்கப் பல ஆண்டுகள் போராடிய ஒரு நாடு, அந்த மருந்தை உடம்பு தாங்குவதற்கான ஏற்பாட்டை நோயாளியின் பொறுமையிடம் விட்டுவிட்டது.

இதைப் பேச ஹைதராபாத்தைவிடப் பொருத்தமான ஊர் இல்லை. தேசியப் புற்றுநோய்ப் பதிவுத் திட்டத்தின் 2020 அறிக்கையில் மார்பகப் புற்றுநோய் விகிதம் நாட்டிலேயே அதிகம் இருந்தது ஹைதராபாத் மாவட்டத்தில்: லட்சம் பெண்களுக்கு 48.0. சென்னை 42.2 உடன் அடுத்து நின்றது. மருந்து உற்பத்தியிலும் இந்த ஊருக்குப் பெரிய பங்கு உண்டு. டாக்டர் ரெட்டீஸ் நிறுவனம் 2007-லேயே ரிட்டுக்சிமாபின் உயிரி ஒப்பு மருந்தைக் கொண்டுவந்தது. 2018-ல் ட்ராஸ்டுசுமாபை 'ஹெர்விக்டா' என்ற பெயரில் சந்தைக்கு அனுப்பியது. 2023 ஜனவரியில் மார்பகப் புற்றுநோய் மாத்திரையான பால்போசிக்லிபின் காப்புரிமை முடிந்தவுடன் பல இந்திய நிறுவனங்கள் அதன் பொதுப்பெயர் மருந்தை இறக்கின. அந்தப் பட்டியலிலும் ஹைதராபாத் இருந்தது. நகரத்தின் ஒரு மூலையில் மருந்து தயாராகிறது. இன்னொரு மூலையில், 1955-ல் தொடங்கப்பட்டு நவாப் மெஹ்தி நவாஸ் ஜங்கின் பெயரைத் தாங்கி நிற்கும் எம்.என்.ஜே. புற்றுநோய் நிறுவனத்தில், ஏழைப் பெண்கள் வரிசையில் நிற்கிறார்கள்.

விலைக்கான போராட்டத்தைக் குறைத்து மதிப்பிட முடியாது. ஹெர்2 என்ற புரதம் மிகுந்த கட்டிகள் எவ்வளவு மூர்க்கமானவை என்பதை டென்னிஸ் ஸ்லேமன் குழு 1987-ல் காட்டியது. அந்தப் புரதத்தைக் குறிவைக்கும் ட்ராஸ்டுசுமாபுக்கு 1998-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதன் பிறகும் இந்தியப் பெண்களில் மிகப் பலருக்கு அது பெயரளவில்தான் இருந்தது. பெங்களூரு பயோகான் 2014-ல் தன் ஒப்பு மருந்தை 440 மில்லிகிராம் குப்பிக்கு 57,500 ரூபாய் என்று அறிவித்தபோது அது மலிவு விலையாகப் பேசப்பட்டது என்றால், அதற்கு முந்தைய நிலையை ஊகித்துக்கொள்ளலாம். கேரள உயர்நீதிமன்றத்தில் 2022-ல் ஒரு பெண் ரிபோசிக்லிப் என்ற மார்பகப் புற்றுநோய் மாத்திரையின் விலையை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். மாதத்துக்கு அந்த ஒரு மருந்துக்கே சுமார் 58,000 ரூபாய். வழக்கு முடியும் முன் அவர் இறந்துவிட்டார். விஷயத்தின் கனத்தை உணர்ந்து நீதிமன்றம் தானாகவே விசாரணையைத் தொடர்ந்தது.

ஆனால் குப்பியின் விலை குறைந்த இடத்தில் கதை முடிவதில்லை. இதயத்தின் எக்கோ பரிசோதனைக்கான கட்டணம், இரத்தப் பரிசோதனை, ஒரு நாள் கூலி இழப்பு, துணைக்கு வரும் மகனின் பேருந்துக் கட்டணம் ஆகியவற்றுக்கு எந்த ஒப்பு மருந்தும் இல்லை.

முதலில் வயிற்றுப்போக்கு. வெட்கத்தால் மிக எளிதாக மறைக்கப்படும் தொல்லை இதுதான். லபாட்டினிப், நெராட்டினிப், அபெமாசிக்லிப், பெர்டுசுமாப் எல்லாமே குடலைத் தொடுபவை. நெராட்டினிபைப் பற்றிய எக்ஸ்டெநெட் ஆய்வில், முன்கூட்டியே தடுப்பு மருந்து கட்டாயமாக்கப்படாத நிலையில், மருந்து எடுத்தவர்களில் சுமார் 40 விழுக்காட்டினருக்குக் கடும் வயிற்றுப்போக்கு வந்தது. ஏறத்தாழ 17 விழுக்காட்டினர் அதனாலேயே மருந்தை விட்டார்கள். பின்னர் வந்த கன்ட்ரோல் ஆய்வு பெரிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. குறைந்த அளவில் தொடங்கி இரண்டு வாரங்களில் படிப்படியாக ஏற்றினார்கள். வயிற்றுப்போக்கை அடக்கும் லோபெரமைடைக் கையில் கொடுத்து எப்போது எடுக்கவேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். கடும் வயிற்றுப்போக்கு 13 விழுக்காடாக இறங்கியது. அதனால் மருந்தை விட்டவர்கள் சுமார் 3 விழுக்காடு. மருந்துக்கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் மாத்திரையும் தெளிவான ஒரு வாக்கியமும் சேர்ந்து செய்த வேலை இது.

அந்த வாக்கியம்தான் நம்மிடம் இல்லை. பெண்கள் ஏன் சொல்வதில்லை என்று கேட்டால் 'அறியாமை' என்று முடித்துவிடுவது அநியாயம். சொன்னால் மருந்தை நிறுத்திவிடுவார்களோ என்ற பயம் இருக்கிறது. வீட்டை அடகு வைத்து வாங்கிய மருந்து அது. கடுமையாகப் படுத்தும் மருந்துதான் நோயைக் கொல்லும் என்ற நம்பிக்கை வேறு. ஆண் மருத்துவர் முன், மருமகன் பக்கத்தில் நிற்க, மலத்தைப் பற்றிப் பேசவேண்டிய சங்கடம் எல்லாவற்றுக்கும் மேல். தெலுங்கிலும் தக்கினி உருதுவிலும், செகந்திராபாத்தின் பழைய தமிழ்க் குடும்பங்களில் தமிழிலும் பேசுகிற பெண்களுக்கு ஆங்கிலத்தில் அச்சடித்த அறிவுரைத் தாள் இந்தத் தயக்கங்கள் எதையும் தளர்த்திவிடாது.

இதயத்தின் விஷயத்தில் 'பரவாலேது' பொய்யில்லை. தொந்தரவு தெரியாமல் இருப்பதில்தான் அங்கே ஆபத்து. ட்ராஸ்டுசுமாப் இதயத்தின் இறைக்கும் திறனைச் சத்தமில்லாமல் குறைக்கக்கூடும். 2001-ல் வெளியான முதல் பெரிய ஆய்வில் ஆந்த்ராசைக்ளின் வகைக் கீமோவோடு சேர்த்துக் கொடுத்தவர்களில் 27 விழுக்காட்டினருக்கு இதயக் கோளாறு தென்பட்டது. கீமோவை மட்டும் பெற்றவர்களில் அது 8 விழுக்காடு. அதன் பிறகுதான் இரண்டையும் ஒரே நேரத்தில் கொடுக்கும் பழக்கம் கைவிடப்பட்டது. சிகிச்சைக்கு முன் ஓர் எக்கோ, பின்பு மூன்று மாதத்துக்கு ஒன்று என்ற விதியும் இந்த அச்சத்திலிருந்தே வந்தது. இறைக்கும் திறன் ஆரம்ப அளவிலிருந்து 16 புள்ளிகள் விழுந்தால் ஊசியைக் குறைந்தது நான்கு வாரம் நிறுத்தவேண்டும். பெரும்பாலும் இதயம் மீண்டுவிடும். ஊசியைத் திரும்பத் தொடங்கவும் முடியும். ஆனால் படியேறும்போது மூச்சு வாங்கும் வரை காத்திருந்தால் அந்தச் சலுகை கிடைப்பது கடினம். ஊசி ஒரு மருத்துவமனையில், எக்கோ வேறோர் இடத்தில், அதற்குத் தேதி அடுத்த மாதம் என்று அலைக்கழியும் பெண்ணிடம் விதியின் பாதிதான் போய்ச்சேருகிறது.

ஓராண்டு ஊசி எல்லோருக்கும் தேவையா என்ற கேள்வியும் இங்கே எழுகிறது. பிரிட்டனில் சுமார் நாலாயிரம் பெண்களிடம் நடந்து 2019-ல் வெளியான பெர்செஃபோன் ஆய்வில், ஆறு மாத ஊசி பெற்றவர்களில் நான்காண்டுகள் நோயின்றி இருந்தவர்கள் 89.4 விழுக்காடு, பன்னிரண்டு மாதம் பெற்றவர்களில் 89.8. இதயத் தொல்லையால் சிகிச்சையை இடையில் நிறுத்தியவர்கள் முறையே 3, 8 விழுக்காடு. பிரெஞ்சு ஆய்வொன்று இதே முடிவை உறுதிசெய்யவில்லை என்பதால் ஓராண்டே இன்றும் வழக்கம். எனினும் இதயம் பலவீனமான, பணம் தீர்ந்துபோன ஒரு பெண்ணிடம் 'ஆறு மாதம் வீண்போகவில்லை' என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல மருத்துவருக்கு இப்போது ஆதாரம் இருக்கிறது. அதைச் சொல்வதும் சிகிச்சைதான்.

பால்போசிக்லிபில் நிலைமை தலைகீழ். இங்கே பயம் தேவைக்கு மேல் இருக்கிறது. 'கவுண்ட் குறைஞ்சிடுச்சு' என்ற வார்த்தை கீமோவைக் கண்ட குடும்பத்தைக் கலங்கடிக்கும். பலோமா-2 ஆய்வில் மூன்றில் இரண்டு பெண்களுக்கு வெள்ளணுக்கள் கடுமையாகக் குறைந்தன. ஆனால் அதோடு காய்ச்சலும் வந்தவர்கள் 2 விழுக்காட்டுக்கும் குறைவு. கீமோ மஜ்ஜையின் அணுக்களைக் கொல்கிறது. இந்த மாத்திரை அவற்றைத் தற்காலிகமாக உறங்கவைக்கிறது. மூன்று வாரம் மாத்திரை, ஒரு வாரம் ஓய்வு என்ற ஏற்பாட்டில் ஓய்வு வாரத்தில் எண்ணிக்கை தானாக ஏறிவிடும். இது தெரிந்த வீடு அமைதியாக இருக்கும். தெரியாத வீடு அண்டைவீட்டார் பேச்சைக் கேட்டு மாத்திரையை நிறுத்திவிடும். அந்த வீட்டில் இருக்கவேண்டியது ஒரு தெர்மாமீட்டர். 100.4 டிகிரியைத் தாண்டினால், பாராசிட்டமால் போட்டுக் காய்ச்சலை மறைக்காமல், உடனே தகவல் சொல்லவேண்டும்.

சமையலறையையும் விட்டுவிட முடியாது. எவரோலிமஸ் தரும் வாய்ப்புண் ஆவக்காயும் கோங்கூராவும் அன்றாடமான ஊரில் வேறு விதமாக வலிக்கும். டெக்சாமெத்தசோன் கரைசலை நாளுக்கு நான்கு முறை, இரண்டு நிமிடம் வாயில் வைத்துக் கொப்பளித்துத் துப்பும் எளிய முறையைச் சோதித்த ஸ்விஷ் ஆய்வில் எட்டு வாரத்தில் தொல்லைதரும் வாய்ப்புண் வந்தவர்கள் 2.4 விழுக்காடுதான், அதற்கு முந்தைய ஆய்வில் அது 33. ஆறிய தயிர்சாதம் உதவும்; ஆனால் புண் வந்தபின் தேடும் தயிர்சாதத்தைவிட முதல் நாளிலிருந்து கொப்பளிப்பது மேல். அல்பெலிசிப் எடுத்தவர்களில் 60 விழுக்காட்டுக்கு மேற்பட்டோருக்கு இரத்தச் சர்க்கரை ஏறியது. பத்துக் கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் உள்ள நாட்டில் அந்த மருந்துச் சீட்டோடு உணவு ஆலோசனையும் போகவேண்டாமா? 1918-ல் குன்னூரில் பிறந்து 1958-ல் ஹைதராபாத்துக்குக் குடிபெயர்ந்த தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் இதே ஊர் தார்நாகாவில்தான் இருக்கிறது. சோளரொட்டி உண்ணும் தெலங்கானா நோயாளிக்கான உணவுக் கையேட்டைப் புற்றுநோய் மருத்துவமனைகளோடு சேர்ந்து எழுத அதைவிடத் தகுந்த இடம் எது?

ட்ராஸ்டுசுமாப் டெரக்ஸ்டெகான் என்ற மருந்துக்கு 2024-ல் சுங்க வரி விலக்கும், பின் ஜி.எஸ்.டி. குறைப்பும் கிடைத்தன. நல்ல செய்தி. ஆனால் அந்த மருந்து தரக்கூடிய நுரையீரல் அழற்சி பெரும்பாலும் வறட்டு இருமலாகத் தொடங்கும். தொடக்க ஆய்வொன்றில் 184 பேரில் நால்வர் அதனால் இறந்தார்கள். பின்னர் வந்த பெரிய ஆய்வில், இருமலைக் கண்டவுடன் மருந்தை நிறுத்திக் கவனித்தபோது, பத்தில் ஒருவருக்கு அழற்சி வந்தும் யாரும் அதனால் இறக்கவில்லை. கட்டட வேலைத் தூசியில் எல்லோரும் இருமுகிற நகரத்தில் இந்த இருமலை வேறாகக் கேட்கும் காது ஒன்று வேண்டும்.

இதற்கு எதிர்வாதம் உண்டு. நாளுக்கு நூறு நோயாளிகளைப் பார்க்கும் மருத்துவரிடம் இன்னும் கேள் என்பது கொடுமை என்பார்கள். உண்மைதான், அதனால்தான் அந்தக் கேள்வி மருத்துவரிடமிருந்து நகரவேண்டும். நியூயார்க்கில் ஈத்தன் பாஷ் குழு 766 நோயாளிகளிடம் தொந்தரவுகளை அவர்களே பதிவுசெய்யும் முறையைச் சோதித்தது. மோசமானவற்றைச் செவிலியர்கள் கவனித்துக்கொண்டார்கள். 2017-ல் வெளிவந்த முடிவில் பதிவுசெய்த குழுவின் இடைநிலை உயிர்வாழ்வுக் காலம் 31.2 மாதம், வழக்கமான கவனிப்புக் குழுவில் 26 மாதம். புதிய மருந்து எதுவும் சேர்க்கப்படவில்லை.

இங்கே அதற்குக் கணினி தேவையில்லை, தொலைபேசி போதும். தமிழ்நாட்டில் 2021-ல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' இரத்த அழுத்த மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோகிறது. அதுபோன்ற ஒரு பையில் இங்கேயும் ஒரு தெர்மாமீட்டரையும் ஐந்து கேள்விகள் கொண்ட தாளையும் சேர்க்கலாம். வலி தணிப்பில் நாட்டளவில் அறியப்பட்ட பிரிவு எம்.என்.ஜே.யில் இருக்கிறது. இறுதிக்கட்டத்தில் மட்டும் அப்படிப்பட்ட பிரிவை நாடாமல், முதல் மாத்திரையின் நாளிலேயே நோயாளியை அதனோடு இணைக்கலாம்.

கேள்வியின் வடிவமும் மாறவேண்டும். 'எப்படி இருக்கீங்க?' என்றால் வரும் பதில் தெரிந்ததே. 'நேத்து எத்தனை தடவை போனீங்கம்மா?' என்றால் ஓர் எண் வரும். வழக்கத்தைவிட நான்குக்குள் கூடினால் முதல் படி, நான்கு முதல் ஆறு என்றால் இரண்டாம் படி, ஏழோ அதற்கு மேலோ என்றால் மூன்றாம் படி: உலகம் முழுவதும் பின்பற்றும் அளவுகோல் இதுதான். ஆதிலாபாத் பெண் வெட்கத்தோடு விரலை மடக்கி எண்ணி "எட்டு" என்பார். அதைக் கேட்ட செவிலியர் அன்றைய மாத்திரையை நிறுத்தச் சொல்லி, உப்புச் சர்க்கரைக் கரைசலை உடனே குடிக்கவைத்து, மருத்துவரைக் கூப்பிடுவார்.