செத்தால் திருப்பித் தரவேண்டிய தங்க மாலை

பரிசு எண்டால் வாங்கினவருக்குத்தான் சொந்தம். ஆனால் பிரித்தானியப் பேரரசு இந்திய மன்னர்களுக்குக் குடுத்த மிக உயர்ந்த கௌரவத்துக்கு இந்தக் கணக்கு சரிவராது.

1857 கிளர்ச்சிக்குப் பிறகு கிழக்கிந்தியக் கம்பனியின் ஆட்சி முடிந்து, இந்தியா நேரடியாக முடியின் கீழ் வந்தது. சுதேச மன்னர்களைத் தன் பக்கம் வைத்திருக்க வேண்டிய தேவை லண்டனுக்கு இருந்தது. 1861இல் விக்டோரியா மகாராணி ‘இந்திய நட்சத்திரம்’ என்ற விருதை உருவாக்கினார். தொடக்கத்தில் 25 பேருக்குத்தான் இடம். 1866இல் அது மூன்று தரமாகப் பிரிக்கப்பட்டது. முதல் தரத்தாருக்கு மட்டும்தான் கொலர், அதாவது தோளைச் சுற்றிப் போடும் தங்க மாலை. அதில் தாமரை, பனையோலை, இங்கிலாந்தின் சிவப்பு வெள்ளை ரோஜா, நடுவில் கிரீடம். இங்கிலாந்தின் பழைய விருதுகளில் கிறிஸ்தவப் புனிதர்கள் இருப்பார்கள். இங்கே புனிதருக்குப் பதிலாக ஒரு நட்சத்திரம். வாங்கப்போறவர்களில் கனபேர் இந்துக்களும் முஸ்லிம்களும் எண்டது அவர்களுக்குத் தெரியும்.

1877இல் விக்டோரியா இந்தியாவின் பேரரசி எனப் பிரகடனம் செய்யப்பட்டார். சரியாக ஒரு வருடம் கழித்து, 1878 ஜனவரி 1இல், ‘இந்தியப் பேரரசு’ என்ற இரண்டாவது விருது வந்தது. அதன் கொலரில் யானையும் மயிலும்.

இனித்தான் முக்கியமான விஷயம். கொலரை வாங்கினவர் இறந்தால் குடும்பம் அதைத் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது. பிறகு அது இன்னொருவரின் தோளுக்குப் போகக்கூடியதாக இருந்தது. அதனால்தான் இவை வெளியில் காணக் கிடைப்பது அரிது. ஏலத்தில் ஒன்று வந்தால் தங்கத்தின் எடையை விட, அது யாரிடம் இருந்தது, ஏன் திரும்பிப் போகவில்லை என்று சொல்லும் கடதாசிகள்தான் முக்கியம்.

மாலை போட்டதால் எல்லாரும் பணிந்துவிடவும் இல்லை. பரோடா மன்னர் மூன்றாம் சாயாஜிராவ் முதல் தர நட்சத்திர விருது பெற்றவர். 1911 டெல்லி தர்பாரில் ஐந்தாம் ஜோர்ஜின் முன் ஒரேயொரு முறை தலைகுனிந்துவிட்டு, முதுகைக் காட்டித் திரும்பி நடந்தார். பிறகு மன்னிப்புக் கடிதமும் எழுதவேண்டி வந்தது.

1948க்குப் பிறகு இந்த இரண்டு விருதுகளும் யாருக்கும் வழங்கப்படவில்லை. முதல் தர நட்சத்திர விருதாளர்களில் கடைசியாக இருந்த திருவிதாங்கூர் மன்னர் சித்திரைத் திருநாள் 1991இல் காலமானார்.

இலங்கை இந்திய நிர்வாகத்தின் கீழ் இருக்கவில்லை. ஆகவே இது எங்களுக்கென்று உருவான விருது இல்லை. ஆனாலும் இதை வாசிக்கேக்க எங்களுக்குக் கண்டி அரசரின் சிம்மாசனம்தான் ஞாபகத்துக்கு வருது. 1815இல் கண்டி பிரித்தானியரிடம் போன பிறகு இங்கிலாந்துக்குக் கொண்டுபோகப்பட்ட அது, 1934இல்தான் திரும்பி வந்தது. தான் குடுத்த மாலை எப்போது திரும்பி வரவேண்டும் என்று பேரரசு விதி எழுதி வைத்திருந்தது. எடுத்துக்கொண்டு போனதை எப்போது திருப்பிக் குடுப்பது எண்டதுக்கு அப்படி ஒரு விதியும் இருக்கவில்லை. மியூசியத்தில் பழைய பொருளொன்றைப் பார்த்தால், இது என்ன எண்டதோட இது எப்படி இங்க வந்தது எண்டும் கேட்போம்.