கொட்டிலில் புகுந்த கொள்ளைநோய்

கொழும்பிலிருந்து இரத்தினபுரி வழியாகக் கிழக்கு நோக்கிச் செல்லும் பெருவீதியிலிருந்து எம்பிலிப்பிட்டிய வீதி பிரியும் இடம் பெல்மதுளைச் சந்தி. மரக்கறி ஏற்றிய லொறிகளும், தேயிலைக் கொழுந்தும், இறப்பரும், மாணிக்கக் கல் வியாபாரிகளும் அவ்வழியே இரவு பகலாகப் போய்வருவதை நாம் அறிவோம். 2024ஆம் ஆண்டின் பிற்பகுதியில் இவற்றோடு வேறொன்றும் இந்நாட்டு வீதிகளில் பயணம் செய்தது. இலங்கையில் ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் புகுந்துவிட்டது என்பது அவ்வாண்டு ஒக்டோபர் மாதத்தில் உறுதியாயிற்று. பன்றிகளையும் பன்றியிறைச்சியையும் இடத்துக்கு இடம் கொண்டு செல்வதற்கு, ஆண்டு முடியுமுன்னரே வர்த்தமானி மூலம் கட்டுப்பாடுகள் வந்தன.

அந்நாட்களில் என் மாணவன் ஒருவன் மாலை வகுப்புக்கு வருவதை நிறுத்திவிட்டான். காரணம் கேட்டபோது, "பன்றி ஒண்ணு செத்துப்போச்சுங்க சார், இன்னொண்ண வித்துட்டாங்க" என்றான். அதற்குமேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை. லயத்துக்குச் சென்று அவனுடைய தாயைக் கண்டேன். முதற் பன்றி தீனி எடுக்காமல் படுத்ததையும், அதன் காதுகள் சிவந்து பின் நீலம் பாரித்ததையும், மூன்றாம் நாள் அது இறந்ததையும் அவர் சொன்னார். மற்றதை, அதுவும் படுக்குமுன்னர், கேட்ட விலைக்கு விற்றுவிட்டார்கள். "வைத்தியருக்குச் சொல்லியிருந்தா ரெண்டையும் குழியில போட்டிருப்பாங்க. எங்களுக்கு யாருங்க காசு குடுப்பா?" என்று அவர் என்னிடம் கேட்டார்.

அந்தப் பன்றி எந்த நோயால் இறந்தது என்பதை எவரும் சோதித்துப் பார்க்கவில்லை. ஆயினும் அந்தத் தாயின் கேள்வி, இந்நோயின் நூறாண்டு வரலாறு முழுவதையும் திரட்டி எழுப்பிய கேள்வி என்றே எனக்குப் படுகின்றது.

முதலில் ஒரு மயக்கத்தைத் தீர்த்துவிட வேண்டும். 2009ஆம் ஆண்டில் உலகெங்கும் மனிதரிடையே பரவிய பன்றிக் காய்ச்சல் வேறு, இது வேறு. இந்நோய் மனிதரைத் தொற்றுவதில்லை. ஆனால் பன்றியைத் தொற்றினால் பெரும்பாலும் உயிரோடு விடுவதில்லை. நம் நாட்டில் நெடுநாளாக அறியப்பட்ட பழைய வகைப் பன்றிக் காய்ச்சலுக்குத் தடுப்பூசி உண்டு. புதிய நோய்க்கு வியட்நாமில் அண்மையில் தடுப்பூசி அனுமதிக்கப்பட்டுள்ளதெனினும், எங்கும் நம்பிப் பயன்படுத்தக்கூடிய நிலையை அது இன்னும் எட்டவில்லை. இரண்டு காய்ச்சல்களும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஆய்வுகூடந்தான் வேறுபிரித்துச் சொல்ல முடியும்.

பன்றி வளர்ப்பை இழிதொழிலாகக் கருதும் நம்மவர், நம்முடைய பழைய நூல்களை ஒருமுறை புரட்டிப் பார்ப்பது நல்லது. பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் சேரித் தெருக்களில் பன்றிகள் குட்டிகளோடு திரிகின்றன. பெரும்பாணாற்றுப்படையிலோ, கள் அடுவோர் கலம் கழுவிய நீர் ஓடித் தேங்கிய சேற்றில் பன்றிகள் கிடக்கின்றன; ஆனால் ஓர் ஆண்பன்றியை மட்டும் பெண்பன்றிகளோடு சேரவிடாது, பல நாள் குழியில் நிறுத்தி, நெல்லை இடித்த மாவூட்டிக் கொழுக்க வைக்கின்றனர். சுவையான இறைச்சிக்காகச் செய்த ஏற்பாடு அது. நோய்க்கு அஞ்சிச் செய்ததன்று. என்றாலும், தனியே கட்டி வைத்து, தீனி அறிந்து ஊட்டுதல் என்பது ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே தமிழ் உழைப்பாளி அறிந்திருந்த முறைதான். அவ்வளர்ப்பை இழிவென்று ஒதுக்கிய பார்வை பின்னர் வந்தது. சாதியை எண்ணாமல் அதனை விளங்கிக்கொள்ள இயலாது. லயத்துக் கொட்டிலில் பன்றி செத்தால் ஊரில் பேச்சில்லாது போவதற்கும் அந்தப் பார்வையே பாதிக் காரணம்.

இனி நோயின் கதைக்கு வருவோம். இதனை முதன்முதலில் விளங்க எழுதியவர் கென்யாவில் பணிபுரிந்த மொன்ட்கோமரி என்ற மிருக வைத்தியர், ஆண்டு 1921. ஆபிரிக்கக் காட்டுப்பன்றிகளும் ஒருவகை உண்ணிகளும் நெடுங்காலமாக இந்தக் கிருமியைத் தாங்கி வந்தன, காட்டுப்பன்றிகள் நோயுறவில்லை. நிலத்தைப் பறித்துக் குடியேறிய வெள்ளையர் ஐரோப்பியப் பன்றிகளைக் கொண்டுவந்து அக்காட்டோரத்தில் வளர்க்கத் தொடங்கியபோது, அப்பன்றிகள் கூட்டங்கூட்டமாக மடிந்தன. நோயின் பெயரில் ஆபிரிக்கா இருக்கின்றது. அதைக் கொள்ளைநோயாக்கியது குடியேற்றம்.

1957இல் அது லிஸ்பனை அடைந்தது. விமான நிலையத்துச் சமையற்கட்டின் எச்சில் அருகிலிருந்த பன்றிகளுக்குத் தீனியானதே காரணம் என்பர். 2007இல் ஜோர்ஜியாவின் துறைமுகத்திலும் கப்பற் கழிவையே காரணமாகக் கூறினர். 2018இல் சீனா, 2020இல் அசாமும் அருணாசலப் பிரதேசமும், 2023இன் தொடக்கத்தில் முதுமலைக் காட்டுப்பன்றிகள், அதன்பின் நாம். சமைக்காத இறைச்சியிலும் உறைய வைத்த இறைச்சியிலும் மாதக்கணக்கில் உயிர்த்திருக்கும் கிருமிக்குக் கடவுச்சீட்டு எதற்கு? ஆடு மாடுகளின் கொள்ளைநோயான வெக்கை நோய் 1987இல் இந்நாட்டுக்கு மீண்டும் வந்ததும் இப்படித்தான். இந்திய அமைதிப்படையின் உணவுக்கென இறக்கிய ஆடுகளோடு அது வந்தது. உண்டவர் வேறு, மாட்டை இழந்தவர் வேறு.

தோட்டங்களின் வரலாற்றில் நோயை எவ்வாறு எதிர்கொண்டனர் என்பதையும் இங்கே நினைவுகூர வேண்டும். 1869இல் கோப்பியின் இலையில் துருநோய் கண்டது. துரைமாரின் பயிர் அழியத் தொடங்கியதும், இங்கிலாந்திலிருந்து மார்ஷல் வார்ட் என்ற இளம் அறிஞர் அழைக்கப்பட்டு, 1880 முதல் 1882 வரை இங்கேயே தங்கி அதனை ஆராய்ந்தார். கோப்பி பிழைக்கவில்லை; ஆயினும் அறிவியல் வந்தது. அந்தத் தோட்டங்களிலே உழைத்தவரின் குடலை அரித்த கொக்கிப் புழுவுக்கு எதிரான இயக்கம் 1916இல்தான், அதுவும் அமெரிக்க ரொக்பெல்லர் நிறுவனத்தின் பணத்தில், மாத்தளையில் தொடங்கியது. மருந்து கொடுத்தார்கள், தொழிலாளியும் குடித்தான். ஆனால் மலசலகூடம் கட்டுவது தோட்டத்தின் செலவு. அந்தச் செலவுக்குத் தோட்டங்கள் தயங்கியதால், மருந்தால் வெளியேறிய புழு வெறுங்காலின் வழியே மீண்டும் உள்ளே புகுந்தது. உடல்நலம் என்பது குப்பிக்குள் அடங்கியதன்று என்ற பாடத்தை நம் பாட்டன்மார் தம் குடலால் கற்றனர்.

பன்றியின் நலமும் அத்தகையதே. ஆபிரிக்கக் காய்ச்சலைத் தடுக்கும் வழிகள் யாவும் எளியவை. கடைகளிலிருந்து வரும் எச்சில் தீனியை 90 பாகை செல்சியஸ் வெப்பத்தில், கிளறியபடியே ஒரு மணி நேரம் காய்ச்ச வேண்டும். புதிதாக வாங்கிய குட்டியை ஒரு மாதமேனும் தனிக் கொட்டிலில் வைக்க வேண்டும். கொட்டில் வாசலில் கிருமிநாசினி நீரில் காலை நனைத்த பின்னரே நுழைய வேண்டும். பொலி பன்றியை வீட்டுக்கு வீடு கொண்டு செல்லக்கூடாது. செத்ததை ஓடையில் எறியாமல், சுண்ணாம்பிட்டு ஆழப் புதைக்க வேண்டும். நோய் கண்டவுடன் அறிவிக்க வேண்டும்.

எழுதுவதற்கு எளியவைதான். காலைப் பிரட்டுக்கு ஓடி, மாலையில் கொழுந்து நிறுத்துத் திரும்பும் பெண்ணுக்கு, ஒரு மணி நேரம் தீனி காய்ச்ச விறகு எங்கே? நேரம் எங்கே? தனிக் கொட்டில் போடவும் குழி தோண்டவும் நிலம் எங்கே? அவள் குடியிருக்கும் காம்பராவே அவளுக்குச் சொந்தமில்லை. பின்புறத்துக் கொட்டில் தோட்டத்தார் கண்டும் காணாமல் விட்டதனால் நிற்பது. இவற்றைப் பேசாமல் துண்டுப்பிரசுரம் மட்டும் கொடுப்பது, மலசலகூடமின்றி மருந்து கொடுத்த 1916ஆம் ஆண்டுக்கே திரும்பிச் செல்வதாகும்.

அந்தத் தாயின் கேள்விக்கு இரண்டு நாடுகள் இரண்டு விடைகளைத் தந்துள்ளன.

ஒன்று ஹெயிட்டி. 1978இல் டொமினிக்கன் குடியரசிலும், 1979இல் அதன் அயல் நாடான ஹெயிட்டியிலும் இந்நோய் காணப்பட்டது. ஹெயிட்டி விவசாயி வளர்த்தது சிறிய கறுப்பு நாட்டுப் பன்றி. கிடைத்ததைத் தின்னும், வெயிலையும் பட்டினியையும் தாங்கும். திருமணம், மரணம், பிள்ளையின் பள்ளிச் செலவு எதுவாயினும் ஒரு பன்றியை விற்பார்கள். வங்கி இல்லாத மக்களின் வங்கி அது. தன் பெரும் பண்ணைகளுக்கு ஆபத்து வருமென அஞ்சிய அமெரிக்கா, கனடாவையும் மெக்சிக்கோவையும் சேர்த்துக்கொண்டு பணம் கொடுக்க, 1980களின் முற்பகுதியில் அந்நாட்டுப் பன்றிகள் ஒன்று விடாமல் கொல்லப்பட்டன. நட்டஈடு பலருக்குக் கிட்டவில்லை, கிட்டியவர்க்கும் போதவில்லை. பதிலாக அயோவாவிலிருந்து வெள்ளைப் பன்றிகள் வந்தன. அவற்றுக்குத் தூய குடிநீர் வேண்டும், இறக்குமதித் தீனி வேண்டும், கூரையிட்ட கொட்டில் வேண்டும். உடையவனுக்கே இல்லாத வசதிகளைக் கேட்ட அவற்றை, மக்கள் "நாலுகால் இளவரசர்" என்று எள்ளினர். நாட்டுப்புறப் பள்ளிகளில் பிள்ளைகளின் வரவு சரிந்ததைப் பின்னாளில் குடியரசுத் தலைவரான அரிஸ்தீத் எழுதியிருக்கிறார். 1986இல் டுவாலியே ஆட்சியைக் கவிழ்த்த சினத்தில் இந்தப் பன்றிகளின் பங்கும் உண்டு. நோய் ஒழிந்தது உண்மை. அதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. அதனோடு குடியானவனின் கையிருப்பும் ஒழிந்தது.

மற்றது ஸ்பெயின். 1960 முதல் அங்கே வேரூன்றியிருந்த இதே நோயை, 1985இல் தொடங்கிய திட்டத்தால் 1995க்குள் துடைத்தெறிந்தனர். தடுப்பூசி அவர்களிடமும் இல்லை. சிறு வளர்ப்பாளர்கள் சங்கங்களாகக் கூடித் தமக்கென மிருக வைத்தியரை அமர்த்திக்கொள்ள அரசு துணைநின்றது. கொட்டிலைச் சீராகக் கட்டக் கடன் கிடைத்தது. கொன்ற பன்றிக்கு உரிய விலை காலந்தாழ்த்தாமல் கொடுக்கப்பட்டது. எனவே நோயை ஒளிக்க வேண்டிய தேவை எழவில்லை. இதெல்லாம் ஏழையின் மீது கொண்ட அன்பால் நிகழ்ந்தது என்று நான் சொல்ல வரவில்லை. ஐரோப்பியச் சந்தையில் பன்றியிறைச்சியை விற்க வேண்டியிருந்தது. ஆனால் நோக்கம் எதுவாயினும், அறிவிப்பவன் அழிந்துபோகாத ஏற்பாடு அங்கே இருந்தது.

கடந்த மாதம் அந்த லயத்துக்கு மீண்டும் போனேன். கொட்டிலில் விறகு அடுக்கியிருந்தார்கள். பையன் வகுப்புக்கு வருகிறான். கட்டணத்துக்குத் தாய் சீட்டுப் பிடித்திருக்கிறார். குட்டி வாங்கும் எண்ணம் உண்டா என்று கேட்டேன். அவர் விறகைப் பார்த்தார். பிறகு, லயத்துக்கெல்லாம் பொதுவான ஒற்றைத் தண்ணீர்க் குழாயின் அருகே குடங்களோடு நின்ற வரிசையைப் பார்த்தார்.

"சங்கத்துல கேட்டுப் பாக்கணும் சார். பத்து வீட்டுக்குமா சேர்த்துத் தீனி காய்ச்ச ஒரு அடுப்பும், தோட்டத்துல ஒரு துண்டு நிலமும் குடுத்தாங்கன்னா வாங்கலாம்" என்றார்.