விழாமல் தோற்றவர்கள்

1980 தொடக்கத்துல முகமது அலி மெட்ராசுக்கு வந்த கதை நிறைய பேருக்குத் தெரியும். எம்.ஜி.ஆரோட அவர் நிக்கிற போட்டோவையும் பாத்திருப்பீங்க. நேரு ஸ்டேடியத்துல ஒரு கண்காட்சிப் போட்டிகூட நடந்துச்சு. சரி, அன்னைக்கு அலிக்கு எதிர்ல நின்னது யாருன்னு கேட்டா? பெரும்பாலும் பதில் வராது.

ஜிம்மி எல்லிஸ். அலியோட அதே லூயிவில் ஊர்க்காரர். பல வருஷம் அலிக்கு ஸ்பாரிங் பார்ட்னர், அதாவது பயிற்சியில எதிர்ல நின்னு குத்து வாங்குற ஆள். 1967ல ராணுவத்துல சேர மாட்டேன்னு சொன்ன அலியோட பட்டத்தைப் பிடுங்கினாங்க. காலியான இடத்துக்கு உலகக் குத்துச்சண்டைச் சங்கம் எட்டு பேரை வச்சு நடத்தின போட்டியில, 1968ல ஜெயிச்சது இந்த எல்லிஸ்தான். ஆனாலும் இன்னைக்கு வரைக்கும் அவர் 'அலியோட ஆள்' தான்.

எல்லிஸாவது சாம்பியன். அவருக்கும் கீழ ஒரு கூட்டம் இருக்கு. ஜர்னிமேன்னு சொல்வாங்க. 'ஒரு நாள் வேலை'ங்கிற பிரெஞ்சு வார்த்தையில இருந்து வந்தது. நம்ம பாஷையில அன்றாடங்காய்ச்சி. பட்டம் வராதுன்னு அவருக்கே தெரியும். வளர்ந்து வர்ற பையனுக்கு எதிரா பத்து ரவுண்டு நிக்கணும், காசு வாங்கணும், அடுத்த மாசம் வேற ஊரு.

எங்க தேவதானம், ராஜபாளையம் பக்கமெல்லாம் கபடிதான், பாக்ஸிங் கிடையாது. அதனால கொஞ்சம் விளக்கிடுறேன். ஹெவிவெயிட்ல ரெண்டு பேருமே 90 கிலோவுக்கு மேல. ஒரே குத்துல ஆட்டம் முடிஞ்சிடும். அப்படி நாக் அவுட் ஆனா, பல நாடுகள்ல சில வாரம் ரிங்குக்குள்ள விடமாட்டாங்க. அன்றாடங்காய்ச்சிக்கு அது வருமானம் போற விஷயம். அதனால தோத்தாலும் பரவாயில்ல, விழக்கூடாது. கையைத் தூக்கி முகத்தை மறைக்கிறது, எதிராளி வேகம் எடுக்கும்போது கட்டிப் பிடிச்சுக்கிறது, உடம்பு பாரத்தை அவன் மேல சாய்ச்சு அவனைக் களைப்பாக்குறது. கூட்டம் "ஊ"ன்னு கத்தும். ஆனா அதான் தொழில்.

சாப்ட்வேர்காரங்களுக்குச் சொல்லணும்னா, இவங்கதான் டெஸ்டிங் டீம். புரொடக்‌ஷன்ல வெடிக்கப் போற பக்கை முன்னாடியே காட்டிக் கொடுக்கிறவங்க :-)

1986 மே மாசம் மைக் டைசனுக்கு வயசு 19. ஆடின 19 ஆட்டத்தையும் நாக் அவுட்ல முடிச்சவர். இருபதாவதா வந்த ஜேம்ஸ் டில்லிஸ் பத்து ரவுண்டும் நின்னார். தீர்ப்பு டைசனுக்குத்தான். ஆனா டைசன் முழு ஆட்டமும் ஆடுவாரா, மூச்சு தாங்குமாங்கிற கேள்விக்கு அன்னைக்குத்தான் முதல்முறையா விடை கிடைச்சது. அதே வருஷம் நவம்பர்ல டைசன் உலக சாம்பியன்.

சில சமயம் டெஸ்ட் ஃபெயிலும் ஆகும். 1998 டிசம்பர், கீவ் நகரம். 24 ஆட்டம் தோக்காத விளாடிமிர் கிளிட்ச்கோவுக்கு எதிரா, ஏற்கெனவே 13 முறை தோத்த ராஸ் ப்யூரிட்டி. ரவுண்டு ரவுண்டா அடி வாங்கிக்கிட்டே நின்னார். கடைசியில களைச்சுப் போனது கிளிட்ச்கோதான். பதினொண்ணாவது ரவுண்டுல ஆட்டத்தை நிறுத்தினாங்க. தெம்பைச் சேமிச்சு ஆடணும்ங்கிற பாடத்தை அவ்வளவு பெரிய ஆளுக்கு ஒரு கூலிக்காரர் சொல்லிக் கொடுத்துட்டுப் போனார்.

கனடாவோட ஜார்ஜ் சுவாலோ இன்னும் ஒரு படி மேல. ஆள் சாதாரண ஜர்னிமேன் இல்ல, 73 வெற்றி. ஆனா இந்த 'விழாத' வர்க்கத்துக்கே தலைவர். 1966ல வேற ஒருத்தர் விலகினதால மூணு வாரத்துக்கும் குறைவான அவகாசத்துல வந்து அலியோட 15 ரவுண்டு நின்னார். 1972ல மறுபடியும் 12 ரவுண்டு. பிரேசியரும் ஃபோர்மேனும் அடிச்ச அடியில நடுவர் ஆட்டத்தை நிறுத்தியிருக்கார். ஆனா 93 ஆட்டத்துல ஒரு தடவைகூட அவர் தரையில விழுந்ததில்ல.

கேக்க வீரமா இருக்குல்ல? இங்கதான் எனக்கு உறுத்துது. 'தாங்குற ஆள்'னு நாம ஒரே வார்த்தையில பாராட்டுறது ரெண்டு வேற விஷயத்தை. ஒண்ணு, குத்து படாம தப்பிக்கிற வித்தை. இன்னொண்ணு, பட்ட குத்தைத் தாடையில வாங்கிட்டு நிக்கிறது. முதல்ல சொன்னது திறமை. ரெண்டாவது கடன், வட்டியோட பின்னாடி கட்டணும். எல்லிஸ் கிட்ட 1968 ஃபைனல்ல தோத்த ஜெர்ரி க்வாரி, மூளை பாதிக்கப்பட்டு 1999ல 53 வயசுல இறந்தார். மெட்ராஸ்ல அலி எதிர்ல நின்ன எல்லிஸ் ஞாபகமெல்லாம் அழிஞ்சு 2014ல போய்ச் சேர்ந்தார். அலியும் தப்பிக்கல. கயித்துல சாய்ஞ்சு ஃபோர்மேனை அடிக்க விட்டு ஜெயிச்ச 1974 ஆட்டத்தை இன்னைக்கும் கொண்டாடுறோம். பத்து வருஷம் கழிச்சு, 1984ல அவருக்கு பார்க்கின்சன் அறிகுறின்னு டாக்டர்கள் சொன்னாங்க.

ஒரு பாக்ஸரோட கணக்குல மூணு கட்டம்தான்: வெற்றி, தோல்வி, டிரா. எத்தனை குத்தைத் தவிர்த்தார்னு அதுல இருக்காது, எத்தனை குத்து மண்டைக்குள்ள தங்குச்சுன்னும் இருக்காது. அதனால அடுத்த தடவை 10 வெற்றி, 40 தோல்வின்னு ஒரு பேரைப் பாத்தா உடனே சிரிச்சுடாதீங்க மக்களே. அந்த 40ல எத்தனை ஆட்டத்துல கடைசி மணி அடிக்கும்போது அவர் காலூனி நின்னாருன்னு தேடிப் பாருங்க. எப்படி நின்னாருன்னும் பாருங்க. அவரோட மிச்ச வாழ்க்கை அதுலதான் இருக்கு.

டிஸ்கி: சார்பட்டா பரம்பரை (2021) பாத்துட்டு பாக்ஸிங் பிடிச்சவங்க, அலி - சுவாலோ 1966 ஆட்டத்தைத் தேடிப் பாருங்க. சுவாலோவோட காலை மட்டும் கவனிங்க.