வன்னீரும் செஞ்சாயமும்: மதுரை நோக்கில் அயனிமாற்றுப் பிசினின் வணிக வரலாறு

மதுரையின் நீர் வரலாற்றை எழுதியோர் கண்மாய், தெப்பக்குளம், வைகை அணை என நீரின் அளவையே பெரிதும் பேசியுள்ளனர். நீரின் தன்மையும் வரலாற்றுக்குரியதே. தேற்றாங்கொட்டையால் கலங்கல் நீரைத் தெளியவைக்கும் வழக்கம் சங்க இலக்கியத்திலேயே உவமையாகியுள்ளது. ஆயின் அக்கொட்டை கலங்கலை நீக்குமேயன்றிக் கரைந்த உப்பை நீக்காது. கரைந்த கால்சியம், மெக்னீசியம் ஆகியவற்றைப் பிரிப்பது அயனிமாற்றுப் பிசின். சந்தை வழக்கில் ‘ரெசின்’. சாயத்தொழில் நகரொன்றில் இதற்கான தேவை எவ்வாறு உருவாயிற்று என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

மதுரைச் சௌராட்டிரர் சாயவேரைக்கொண்டு தோய்த்த சிவப்பு புகழ்பெற்றது. வைகை நீரில்தான் அந்நிறம் எடுப்பாக அமையும் என்பது சாயத்தொழிலாளரிடையே நெடுங்காலமாக வழங்கும் கருத்து. இதனை வெறும் ஊர்ப்பற்றாகத் தள்ளிவிட இயலாது. சாயவேரின் செந்நிறப் பொருளான அலிசரின், படிகாரத்தின் அலுமினியத்தோடும் கால்சியத்தோடும் இணைந்தே நிலைத்த சிவப்பாகிறது. கால்சியம் மிகுந்த வன்னீர் அத்தொழிலுக்குத் துணையே செய்தது. 1868இல் ஜெர்மனியில் கிரேபே, லீபர்மான் ஆகியோர் அலிசரினைச் செயற்கையாக ஆக்கினர். அச்சரக்கு இறக்குமதியானபின் சாயவேர் வழக்கொழிந்தது. மூலக்கூறு அதுவேயாதலின் கால்சியத்தின் தேவை மட்டும் மாறவில்லை.

மாற்றம் 1956இல் வந்தது எனலாம். அவ்வாண்டு பிரிட்டனின் ஐ.சி.ஐ. நிறுவனம் பருத்தி இழையோடு வேதிப்பிணைப்பு கொள்ளும் ‘புரோசியான்’ சாயங்களை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இவ்வகைச் சாயத்தில் வன்னீர் திட்டுத் திட்டாகக் கறைபடுத்தும், நிறமும் மங்கும். முன்பு துணைநின்ற கால்சியம் இப்போது குறையாயிற்று. (ஆலைக் கொதிகலன்களுக்கு வன்னீர் முன்பே பகை; அது தனியே ஆராயத்தக்கது.)

அக்குறையை நீக்கும் பொருள் அதற்குள் உலகச் சந்தையில் ஆயத்தமாக இருந்தது. 1850இல் இங்கிலாந்தில் தாம்சன், வே இருவரும் மண் அம்மோனியத்தைப் பற்றிக்கொண்டு கால்சியத்தை விடுவிப்பதை வெளியிட்டனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் ராபர்ட் கான்ஸ் ஆக்கிய செயற்கைச் சியோலைட் ‘பெர்முட்டிட்’ என விற்கப்பட்டது. 1935இல் ஆடம்ஸ், ஹோம்ஸ் ஆகியோர் முதல் செயற்கைப் பிசினை உருவாக்கினர். நொறுக்கிய இசைத்தட்டே அதற்குத் தூண்டுதல் என்பர். 1940களில் அமெரிக்காவின் டி’அலெலியோ ஸ்டைரீன் அடிப்படையில் ஆக்கிய பிசினே இன்றைய வணிகத்தின் அடிப்படை.

இந்தியாவில் பிரிட்டனின் பெர்முட்டிட் நிறுவனத்தின் துணை நிறுவனமாக 1964இல் அயான் எக்ஸ்சேஞ்ச் தொடங்கப்பட்டது. 1985இல் இந்தியர் உடைமையாயிற்று. குஜராத்தின் அங்கலேஸ்வரத்தில் அது பிசின் உற்பத்தி செய்கிறது. எனினும் மூலப்பொருளான ஸ்டைரீனுக்கு இந்தியா இறக்குமதியையே நம்பிவந்துள்ளது. ஆகவே ‘உள்நாட்டுப் பிசின்’ என்னும் வழக்கை ஓரளவே ஏற்கலாம். பன்னாட்டுச் சுங்க வகைப்பாட்டில் இச்சரக்கின் எண் 3914.

அவ்வெண்ணை மட்டும் பின்தொடரும் ஆய்வு பாதிவழியில் நின்றுவிடும். மென்னீராக்கத்தில் ஒரு கால்சியம் அயனியைப் பற்றும் பிசின் இரு சோடியம் அயனிகளை விடுகிறது. சோடியம் தீர்ந்ததும் உப்புக்கரைசல் ஊற்றிப் புதுப்பிக்கவேண்டும். பிசின் பல்லாண்டு உழைக்கும். உப்போ ஓயாது வேண்டும். கழியும் உப்புநீர் நிலத்துக்கே திரும்புகிறது. சாயக்கழிவின் கரைந்த உப்பு எத்தகைய சிக்கலாகும் என்பதற்குத் திருப்பூர் சான்று. நொய்யல் வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் 2006இல் கழிவுநீர் வெளியேற்றத்தையே முற்றிலும் தவிர்க்க வலியுறுத்தியது. 2011 ஜனவரியில் சாயச்சாலைகளை மூட ஆணையிட்டது. அங்குச் சிக்கலின் பெரும்பகுதி சாயத்தொட்டியின் உப்பினது. பிசினைப் புதுப்பிக்கும் உப்பும் அதே வடிகாலில் சேர்வதே.

தல்லாகுளம் உள்ளிட்ட வைகை வடகரைப் பகுதிகளில் ஆழ்துளைக் கிணற்றுநீரை மென்மையாக்கும் வீட்டுக்கருவிகளுக்கும் இக்கணக்கு பொருந்தும், அளவுதான் வேறு. இறக்குமதிப் பதிவேடுகள் இவ்விடத்தில் உதவா. மதுரையில் இவ்வாய்வைத் தொடங்க ஏற்ற ஆவணம் சாயச்சாலைகளின் உப்புக் கொள்முதல் கணக்கே.