புற்றுநோய் சிகிச்சைக்குப் பின் உடற்பயிற்சி: 8 ஆண்டுகள் கழித்துத் தெரியவந்த பலன்

பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சையும் கீமோதெரபியும் முடிந்த பின், 3 ஆண்டு உடற்பயிற்சித் திட்டத்தில் சேர்க்கப்பட்டவர்களில் 90.3 சதவீதம் பேர் 8 ஆண்டுகளுக்குப் பிறகும் உயிருடன் இருந்தனர். ஆலோசனைக் கையேடு மட்டும் பெற்றவர்களில் இது 83.2 சதவீதம். 'சேலஞ்ச்' எனப் பெயரிடப்பட்ட இந்த ஆய்வின் முடிவுகள் 2025 ஜூன் மாதம் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வெளியாகின.

உடற்பயிற்சி செய்வோரிடம் புற்றுநோய் மீண்டும் வருவது குறைவு என்று முன்பே பல ஆய்வுகள் கூறியிருந்தன. ஆனால், உடல்நிலை நன்றாக இருந்ததால்தான் அவர்களால் நடக்க முடிந்ததோ என்ற ஐயம் நீங்கவில்லை. அதைத் தீர்ப்பதற்காக, பெரும்பாலும் கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் உள்ள 55 மருத்துவமனைகளில் 889 நோயாளிகள் குலுக்கல் முறையில் இரு பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டனர். இவர்களைச் சேர்க்கும் பணி மட்டும் 2009 முதல் 2024 வரை நீடித்தது.

5 ஆண்டுகளில் நோய் மீளாமல் இருந்தவர்கள் பயிற்சிப் பிரிவில் 80.3 சதவீதம், மற்றப் பிரிவில் 73.9 சதவீதம். உயிரிழந்தோர் முறையே 41 மற்றும் 66 பேர். புதிய மருந்து ஒன்று இத்தகைய பலனைத் தந்திருந்தால் அது பெரும் சாதனையாகப் பேசப்பட்டிருக்கும்.

என்ன பயிற்சி?

ஜிம் கருவிகள் எதுவும் கட்டாயமாக்கப்படவில்லை. வழக்கமான உடல் இயக்கத்துடன் கூடுதலாக, வாரத்தில் 3 அல்லது 4 நாள், 45 முதல் 60 நிமிடங்கள் வேகமாக நடப்பதற்கு இணையான பயிற்சியே இலக்கு. எந்தப் பயிற்சி என்பது அவரவர் விருப்பம். உடல் எடையிலோ இடுப்புச் சுற்றளவிலோ இரு பிரிவினரிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. ஆகவே இந்தப் பலனை எடைக் குறைப்பால் விளக்க இயலாது.

உண்மையில் இரு பிரிவினருக்கும் உடற்பயிற்சியின் நன்மைகளை விளக்கும் கையேடு வழங்கப்பட்டது. வேறுபாடு, உடன் இருந்த பயிற்சியாளர்தான். முதல் 6 மாதங்கள் இரு வாரங்களுக்கு ஒருமுறை நேரடிச் சந்திப்பு. அடுத்த 6 மாதங்கள் அதே இடைவெளியில் நேரிலோ தொலைவிலிருந்தோ ஆலோசனை. பின்னர் 2 ஆண்டுகள் மாதம் ஒருமுறை. "நன்றாக நடங்கள்" என்று மருத்துவர் கூறி அனுப்புவதற்கும் இதற்கும் உள்ள இடைவெளியே மேற்கண்ட எண்களில் தெரிகிறது.

பாதிப்புகளும் இல்லாமல் இல்லை. தசை, மூட்டு தொடர்பான பிரச்சினைகள் பயிற்சிப் பிரிவில் 18.5 சதவீதம் பேருக்கும், மற்றப் பிரிவில் 11.5 சதவீதம் பேருக்கும் ஏற்பட்டன. மேலும், கீமோதெரபி முடித்து, பயிற்சி செய்யும் உடல்நிலையில் இருந்த பெருங்குடல் புற்றுநோயாளிகள் மட்டுமே இதில் பங்கேற்றனர். பிற புற்றுநோய்களுக்கும் இதே அளவு பலன் கிடைக்கும் என்று இதைக்கொண்டு கூற முடியாது. பயிற்சி, சிகிச்சைக்கு மாற்றும் அல்ல.

ஓய்வு என்ற பழைய அறிவுரை

மார்பகப் புற்றுநோய் அறுவை சிகிச்சைக்குப் பின் கை வீக்கம் அதிகரிக்கும் என அஞ்சி, எடை தூக்கக் கூடாது என்று பெண்களிடம் நீண்டகாலம் கூறப்பட்டு வந்தது. நிணநீர் வீக்கம் இருந்த 141 பெண்களிடம் அமெரிக்காவில் நடத்தப்பட்டு 2009-இல் வெளியான ஆய்வு, படிப்படியான எடைப் பயிற்சியால் வீக்கம் கூடவில்லை என்றும், வீக்கம் தீவிரமடைவது குறைந்தது என்றும் காட்டியது.

இந்தியாவில் 2022-இல் சுமார் 14.1 லட்சம் பேருக்குப் புதிதாகப் புற்றுநோய் ஏற்பட்டதாக சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி முகமை மதிப்பிட்டுள்ளது. சிகிச்சைக்காகத் தொலைதூர நகரங்களுக்குச் சென்று திரும்பும் ஒருவர், இரு வாரங்களுக்கு ஒருமுறை அதே மருத்துவமனைக்குச் செல்வது எளிதன்று. ஆனால், முதல் 6 மாதங்களுக்குப் பின் தொலைவழி ஆலோசனையை இந்த ஆய்வே அனுமதித்திருப்பது கவனிக்கத்தக்கது.

எலும்புக்கு நோய் பரவியவர்கள், கீமோதெரபியால் பாதத்தில் உணர்விழப்பு அல்லது இதயப் பாதிப்பு உள்ளவர்கள், வயிற்றில் மலப்பை பொருத்தப்பட்டவர்கள் ஆகியோர் மருத்துவரிடமும் பிசியோதெரபிஸ்டிடமும் ஆலோசனை பெற்ற பின்னரே பயிற்சியைத் தொடங்க வேண்டும்.